மலையின் மேல் விழுந்த பழி: ஒரு மடிக்கணினியின் இணைய இணைப்புக் கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்நிகழ்வு 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் வீதியிலிருந்து பிரிந்து தேயிலை மலைகளினூடே இறங்கும் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷனில் நடந்தது. சம்பந்தப்பட்டவர் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் இளம் ஆசிரியை. கிழமை நாட்களில் பாடசாலைக்குச் சென்று, வார இறுதியில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கான வகுப்புகளை ஸூம் வழியாகப் பின்பற்றி வந்தார். வீட்டில் அவருடைய தாயாரும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பியும் இருந்தனர். அவர்களுடைய சம்மதத்துடன், ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி இதைப் பதிவு செய்கிறேன். நான் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவன். பழுதுபார்ப்பது என் தொழில் அல்ல எனினும், சக ஆசிரியர்களின் கணினிகள் அடிக்கடி என் மேசைக்கு வருவதுண்டு.

வீட்டில் இருந்த சாதனங்கள் சாதாரணமானவை. சிம் அட்டையில் இயங்கும் 4ஜி ரவுட்டர் ஒன்று, அது 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே தரும். தம்பியிடமும் ஆசிரியையிடமும் ஒவ்வொரு ஆன்ட்ரொய்ட் கைப்பேசி. மடிக்கணினியோ வெளிநாட்டில் பாவித்த பின் இறக்குமதியாகிக் கொழும்பில் விற்கப்பட்டது; விண்டோஸ் 10 இயங்கியது.

மலையகத்தில் இணையம் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் ‘சிக்னல்’ என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை, அதில் நியாயமும் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தோட்டப் பிள்ளைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்று பாடங்களைப் பதிவிறக்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். கைப்பேசிக் கோபுரத்தின் அலைகள் மலையை ஊடுருவி வருவதில்லை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முகடு நின்றால், அதன் நிழலில் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எஞ்சிய சிதறல்தான் கிடைக்கும். இந்த உண்மை பழகிப்போனதால், மலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத கோளாறும் மலையின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இங்கு நடந்ததும் அதுதான்.

கூறப்பட்ட குறைகள்

ஆசிரியை முதலில் சொன்னது ஒரே வாக்கியம்: “மழை பேஞ்சா நெட்டு போயிடுது சேர், வெயில் அடிச்சா வருது.” தாயாரும் அயலவர்களும் இதையே சொன்னார்கள், மூடுபனி இறங்கும்போது சிக்னலும் இறங்கிவிடுகிறது என்பது அந்த வரிசையில் பொதுவான கருத்தாக இருந்தது.

சற்று நிதானமாகக் கேட்டபோது இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் அடங்கியிருப்பது தெரிந்தது. சில நாட்களில் மடிக்கணினியின் வைஃபை பட்டியலில் வீட்டு ரவுட்டரின் பெயரே தென்படுவதில்லை. வேறு சில நாட்களில் பெயர் தென்படும், இணையும், ஆனால் சிறிது நேரத்தில் திரையின் மூலையில் உருண்டைச் சின்னம் தோன்றி ‘இணையம் இல்லை’ என்று காட்டும். மூன்றாவது, வகுப்பு ஓரளவு ஓடும் நாட்களிலும் ஒப்படைகளைப் பதிவேற்ற முடியாது. பட்டை பாதியில் நின்றுவிடும். பயனருக்கு இவை மூன்றும் ஒன்றே, அதாவது ‘நெட் இல்லை’. பழுதைத் தேடுபவர் அப்படி எடுத்துக்கொண்டால் அங்கேயே வழி தவறிவிடும்.

முன்னர் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

என்னிடம் வருமுன் அவர் நகரத்தில் ஒரு கணினிக் கடைக்கு மடிக்கணினியைக் கொண்டு சென்றிருந்தார். கடையில் அது கடையின் வைஃபையோடு உடனே இணைந்தது. எனினும் வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமலோ என்னவோ, விண்டோஸை முழுமையாக அழித்து மீள நிறுவிக் கொடுத்தார்கள். ஆசிரியை சேமித்து வைத்திருந்த பாடக் குறிப்புகளில் ஒரு பகுதி அதில் அழிந்துபோனது. பயந்துபோன அவர், புதிய விண்டோஸ் தொடக்கத்திலேயே கேட்ட கேள்விக்கு ஆம் என்று பதிலளித்து, தன் கோப்புகள் அனைத்தும் இணையச் சேமிப்பகத்துக்குத் தானாகப் பிரதியாகுமாறு விட்டுவிட்டார். இந்தச் சிறிய ‘ஆம்’ பின்னர் பெரிய விஷயமாயிற்று.

இணைய சேவை வழங்குநரின் உதவி இலக்கத்துக்கும் அழைத்திருந்தார்கள். ரவுட்டரை அணைத்துப் போடும்படி சொல்லப்பட்டது. சில தடவை அது பலித்தது, சில தடவை பலிக்கவில்லை. இறுதியாக, கூரைக்கு மேல் கம்பம் நட்டு வெளிப்புற அன்டெனா பூட்டுவதற்கு விலையும் கேட்டு வைத்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது அவர்கள் கேட்டது, அந்த அன்டெனாவை வாங்கலாமா வேண்டாமா என்பதே.

முதற் பரிசோதனை

என் மேசையிலும் மடிக்கணினி குறை எதுவும் காட்டவில்லை. ரவுட்டரிடமிருந்து சரியான முகவரி கிடைத்தது, இணையத்தளங்கள் திறந்தன, காணொளி தடையின்றி ஓடியது. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால் ரவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று கொள்ளலாம், கூகிளின் சேவையகமான 8.8.8.8 என்ற இலக்கத்திலிருந்து பதில் வந்து, தளங்களின் பெயர்கள் மட்டும் திறக்காமல் இருந்திருந்தால் பெயரை இலக்கமாக மாற்றும் டிஎன்எஸ் மீது சந்தேகம் விழுந்திருக்கும். கணினியின் கடிகாரம் பிழையாக இருந்திருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கைகள் வந்திருக்கும். இவற்றில் ஒன்றும் இல்லை.

கவனத்தை ஈர்த்தது ஒரு சிறு பொருள். மின்னேற்றியின் செருகியில் இரண்டு தட்டையான பற்கள் இருந்தன. அவை நம் நாட்டுத் துளைகளுக்குப் பொருந்தாததால் மஞ்சளேறிப்போன ஒரு மாற்றி அதன் மேல் மாட்டப்பட்டு, கழன்றுவிடாதபடி கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தது. அந்த வகைச் செருகி அமெரிக்கா போன்ற நாடுகளின் சந்தைக்குரியது. மடிக்கணினியும் அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்ற ஊகத்தை அப்போதைக்குக் குறித்து மட்டும் வைத்தேன்.

கடையிலும் இயங்கி, என்னிடமும் இயங்கி, வீட்டில் மட்டும் இயங்காத கணினியை மீண்டும் கடையில் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. அதே நேரம், விட்டு விட்டு வரும் கோளாறு நாம் போகும் நாளில் தலைகாட்டும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆகவே வீட்டுக்குப் போகுமுன் ஒரு பதிவேடு வேண்டும் என்று தீர்மானித்தேன். ஒரு சீ.ஆர். கொப்பியில் ஐந்து நிரல்கள் போட்டுக் கொடுத்தேன்: நேரம், வானிலை, அன்று மின்சாரம் போய் வந்ததா, மடிக்கணினியின் பட்டியலில் ரவுட்டரின் பெயர் தெரிகிறதா, அதே வேளையில் கைப்பேசி ரவுட்டர் வழியாக வேலை செய்கிறதா. கடைசி நிரலை எழுதுமுன் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும் என்பதைத் தம்பியிடம் வற்புறுத்திச் சொன்னேன். வைஃபை தடுமாறும்போது கைப்பேசி ஓசையின்றித் தன் சொந்த சிம்முக்குத் தாவிவிடும். அதை அணைக்காமல் செய்யும் ஒப்பீடு எதையும் நிரூபிக்காது.

கொப்பி காட்டியது

தம்பி ஒழுங்காக எழுதியிருந்தான். கொப்பியைப் புரட்டியபோது, மழைக்கும் இணைப்புக்கும் தொடர்பு இருப்பதாக வீட்டார் சொன்னது பொய்யல்ல என்பது முதலில் தெரிந்தது. மழை பெய்த பிற்பகல்களுக்கு அடுத்து வந்த மாலைகளில்தான் மடிக்கணினியில் பெயர் மறைந்திருந்தது. ஆனால் அதே வரிகளில் கைப்பேசி ரவுட்டர் வழியாக வேலை செய்திருந்தது. மழை கோபுரத்தை மறைத்திருந்தால் கைப்பேசிக்கும் இணையம் கிடைத்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் கோபுரத்தோடு பேசித் தருவது ஒரே ரவுட்டர்தானே.

மூன்றாவது நிரல் விடையைச் சுட்டியது. பெயர் மறைந்த ஒவ்வொரு நாளிலும் மின்சாரம் போய் வந்திருந்தது. மின்சாரம் போகாமல் நாள் முழுவதும் தூறலும் மூடுபனியுமாக இருந்த நாட்களில் பெயர் மறையவே இல்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம்; பிற்பகல் இடிமழை அப்போதைய வழக்கம், இடிக்குப் பின் மின்சாரம் தடைப்படுவதும் தோட்டத்தில் வழக்கம். மக்கள் கண்டது சரி, அவர்கள் கட்டிய காரணம்தான் வேறு: மழையால் மின்சாரம் போகிறது, மின்சாரம் போவதால் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழுகிறது, எழும்போது ரவுட்டரில் ஏதோ ஒன்று மாறுகிறது.

மூடுபனி பற்றி ஒரு சொல். 4ஜி சேவைக்குப் பயன்படும் அலைவரிசைகள் பெரும்பாலும் 3 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவை. அந்த அளவில் மூடுபனியும் மழைத்துளியும் அலையைக் குறைப்பது கணக்கில் எடுக்கத் தேவையற்ற அளவு சிறியது. ஒரு கோபுரத்தை இன்னொரு கோபுரத்தோடு இணைக்கும் நுண்ணலைத் தொடுப்பு 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் இயங்குமானால் அடைமழை அதைப் பாதிக்கலாம். அப்படி நேர்ந்தால் அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் அனைவருக்கும் சேவை குன்றும். ஒரு வீட்டின் ஒரு மடிக்கணினிக்கு மட்டும் அல்ல.

வீட்டில் கண்டவை

வீட்டுக்குச் சென்றது முந்திய மாலை மின்சாரம் தடைப்பட்டிருந்த ஒரு சனிக்கிழமை. மடிக்கணினியின் பட்டியலில் அயல் வீடுகளின் வைஃபை பெயர்கள் ஏழெட்டு வரிசையாக நின்றன. ஒரே சுவரைப் பகிரும் லயக் குடியிருப்பில் அது வியப்பல்ல. சொந்த ரவுட்டரின் பெயர் மட்டும் இல்லை. ரவுட்டரோ கணினியிலிருந்து ஐந்தடி தூரத்தில், இரும்பு அலுமாரியின் தலையில் பச்சை விளக்குகளுடன் இருந்தது.

கைப்பேசியில் வைஃபை ஆய்வுச் செயலி ஒன்றைத் திறந்து பார்த்தேன். வைஃபை அலைவரிசை ‘சனல்’ எனப்படும் எண்ணிட்ட தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அயல் ரவுட்டர்கள் 1, 6, 11 ஆகிய சனல்களில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இந்த வீட்டு ரவுட்டர் 13ஆம் சனலில் தனித்து நின்றது. விடயம் அங்கே முக்கால் பங்கு தெளிவாகிவிட்டது.

2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் இலங்கை உட்படப் பெரும்பாலான நாடுகளில் 1 முதல் 13 வரையிலான சனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் நடைமுறையில் 11 வரைதான் பயன்படுகின்றன. அந்தச் சந்தைக்கென அமைக்கப்பட்ட வைஃபை அட்டைகள் பல 12ஐயும் 13ஐயும் செவிமடுப்பதே இல்லை. அவற்றைப் பொறுத்தவரை அந்தச் சனலில் ஒலிபரப்பும் ரவுட்டர் உலகில் இல்லாத பொருள். கைப்பேசி தான் இருக்கும் நாட்டை வலையமைப்பிலிருந்து அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வதால் அதற்கு இந்தத் தடை இல்லை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கைப்பேசியின் உலாவியில் 192.168.8.1 என்ற முகவரியில் திறந்தபோது சனல் ‘ஆட்டோ’ என்று விடப்பட்டிருந்தது. இந்த ரவுட்டர் சனலைத் தெரிவு செய்வது எழும் கணத்தில் மட்டும். அயலவரின் ரவுட்டர்களும் அதே மின்தடைக்குப் பின் ஒன்றாக எழுவதால், நெரிசல் குறைந்த இடத்தைத் தேடி அது சில நாள் 13க்குப் போய்விடுகிறது. சில நாள் 11க்குள் எங்காவது அமர்ந்துவிடுகிறது. அணைத்துப் போட்டால் ‘சில தடவை’ சரியானதன் மர்மமும் இதுவே.

ஊகத்தை ஊகமாக விடாமல் சோதித்தோம். சனலை 6 ஆக்கியதும் மடிக்கணினியில் பெயர் தோன்றியது. 13 ஆக்கியதும் மறைந்தது. 11இல் மீண்டும் தோன்றியது. விரும்பியபோது வரவழைக்கவும் விரும்பியபோது போக்கவும் முடிந்த பிறகு அந்தக் கோளாறு பற்றிச் சந்தேகம் இருக்க இடமில்லை. தம்பி தன் கைப்பேசியிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்தபோதெல்லாம் மடிக்கணினி இணைந்ததை வைத்து ரவுட்டரே பழுது என்று முடிவுக்கு வந்திருந்தான். பரிசோதித்தபோது அவனுடைய ஹொட்ஸ்பொட் 6ஆம் சனலில் இயங்கியது. ரவுட்டர் தனியே பழுதல்ல, மடிக்கணினியும் தனியே பழுதல்ல. இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் மட்டுமே இருந்த கோளாறு அது. அதனால்தான் கடை மேசையில் ஒருபோதும் தெரியவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து எழுந்திருக்கலாம். வீட்டாரும் தேநீர் ஊற்றிவிட்டார்கள். ஆனால் இரண்டாம், மூன்றாம் குறைகளுக்கு இது விடையல்ல. அவை, இணைந்திருக்கும்போதே ஏற்படுபவை.

ஆகவே பாதையைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக, பதில் வர எடுக்கும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையால் அளந்தோம். மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்குப் பதில் 2 முதல் 4 மில்லிசெக்கனில் வந்தது. வீட்டுக்குள் பாதை சுத்தம். ரவுட்டரைத் தாண்டி 8.8.8.8க்கு முதலில் 60 மில்லிசெக்கன் அளவில் வந்த பதில், கணினி திறந்து சில நிமிடங்களில் 1,800க்கும் 3,000க்கும் எகிறி, இடையிடையே வராமலும் போனது. அதே கணத்தில் திரையின் மூலையில் உருண்டைச் சின்னம். விண்டோஸ், மைக்ரோசொஃப்டின் சேவையகம் ஒன்றிலிருந்து மிகச் சிறிய உரைக் கோப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தே இணையம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது. அந்தக் கோப்பு வர நெடுநேரம் பிடித்தால் இணைப்பு இருக்கும்போதே ‘இல்லை’ என்று காட்டும். சின்னத்தின் பேச்சை அப்படியே நம்புவதற்கில்லை.

எந்த நிரல் இணையத்தை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் விண்டோஸின் ரிசோர்ஸ் மொனிட்டரில் வலையமைப்புப் பக்கத்தைத் திறந்தபோது காரணம் பெயருடன் நின்றது. கோப்புகளைப் பிரதியெடுக்கும் அந்த இணையச் சேமிப்பு நிரல், ஆசிரியையின் காணொளிக் கோப்புறையை இடைவிடாது மேலேற்றிக்கொண்டிருந்தது. பாடம் ஒன்றுக்காக அவர் எடுத்த காணொளிகள் ஒவ்வொன்றும் 200 மெகாபைட் அளவில் இருந்தன. அந்த வீட்டின் பதிவேற்ற வேகம் அப்போது செக்கனுக்கு 0.5 மெகாபிட் மட்டுமே; அந்த வேகத்தில் ஒரு காணொளி ஏறி முடிய, வேறு யாரும் எதையும் தொடாவிட்டாலும், ஏறத்தாழ 53 நிமிடம் வேண்டும்.

பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கம் ஏன் நிற்க வேண்டும் என்று தம்பி கேட்டான், நல்ல கேள்வி. இறங்கும் தரவுப் பொதிகளுக்கு ‘கிடைத்தது’ என்ற சிறு பதிலை நம் கணினி மேலே அனுப்பியாக வேண்டும். ஒற்றையடிப் பாதையில் கொழுந்து மூட்டைகள் வரிசையாக ஏறும்போது வெறுங்கையோடு வருபவனும் அவற்றின் பின்னால்தான் நடக்க வேண்டும். அப்படியே அந்தப் பதில்களும் ரவுட்டரின் வரிசையில் காத்து நிற்கின்றன. பதில் வராததால் அப்புறத்துச் சேவையகம் அனுப்புவதை மெதுவாக்குகிறது. ஸூமில் குரலுக்கு மட்டும் 60 முதல் 80 கிலோபிட் போதும். அந்தச் சிறு அளவுக்குக்கூட நேரத்துக்கு வழி கிடைக்காமல் வகுப்பு அறுந்தது.

பதிவேற்றம் மட்டும் இவ்வளவு மெலிந்திருந்ததில் மலைக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கோபுரம் பல பத்து வாட் வலுவில் பேசுகிறது. ரவுட்டருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவலு வழக்கமாக 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். ஆகவே சிக்னல் தளரும்போது முதலில் தேய்வது ஏறும் பாதைதான். ரவுட்டரின் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற சிக்னல் அளவு -113 டிபிஎம் என்று காட்டியது. -80 நல்லது, -100 மெலிவு, -110க்குக் கீழே போனால் தொங்கிக்கொண்டிருப்பதாகத்தான் கொள்ள வேண்டும். மேலே தகரக் கூரை, அடியில் இரும்பு அலுமாரி, கோபுரம் இருக்கும் திசையில் சுவர். ரவுட்டரைக் கையில் ஏந்தியபடி வீட்டுக்குள் நடந்து பார்த்ததில், பள்ளத்தாக்கை நோக்கிய முன் சன்னலின் பலகைக் கட்டையில் அளவு -102 ஆனது. 11 டெசிபல் வித்தியாசம் என்பது பெறப்படும் வலுவில் ஏறத்தாழ 12.6 மடங்கு.

எடுத்த தீர்மானங்களும் அவற்றின் காரணங்களும்

மூன்று மாற்றங்களையும் ஒரே மூச்சில் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்து, இடையில் அளந்தோம். எது எதைத் திருத்தியது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை குறை தோன்றும்போது எங்கே தொடங்குவது என்றும் தெரியாது.

முதலில் சனலை 11இல் நிலையாக நிறுத்தி, சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினோம். ஒன்றையொன்று மேவாத 1, 6, 11 ஆகிய மூன்றில் அயலில் பலமாகக் கேட்டவை 1உம் 6உம். 11இல் இருந்தவை தொலைவிலிருந்தவை. 13இல் நெரிசலே இல்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த அமைதியை மடிக்கணினியால் கேட்க முடியாதே. யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள் ஒன்று வாங்கி மடிக்கணினியையும் 13 வரை கேட்கச் செய்யலாம் என்ற மாற்று வழியை யோசித்தோம். செலவில்லாத ஒரு அமைப்பு மாற்றம் அதே பயனைத் தரும்போது அதற்கு அவசியம் இல்லை என்று விட்டுவிட்டோம். மடிக்கணினியின் அட்டையில் நாட்டை மாற்றும் வாய்ப்பை அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் தரவில்லை.

இரண்டாவது தீர்மானம் சற்றுச் சிக்கலானது. பிரதியெடுக்கும் நிரலை நீக்கிவிடுவதே எளிது. ஆனால் ஒருமுறை குறிப்புகளை இழந்தவரிடம் காப்புப் பிரதியை நிறுத்தச் சொல்வது சரியான ஆலோசனை அல்ல. அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. எனவே காணொளிக் கோப்புறையைப் பிரதியெடுப்பிலிருந்து விலக்கி, காணொளிகளை வெளி வன்தட்டில் வைக்கவும், ஆவணங்கள் மட்டும் இணையத்துக்கு ஏறவும் ஒழுங்கு செய்தோம். விண்டோஸில் இந்த வைஃபையை ‘மீட்டர்ட்’, அதாவது டேட்டாவைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய இணைப்பு என்று குறித்ததால் பகலில் அந்த நிரலும் விண்டோஸ் மேம்படுத்தல்களும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அவருடைய மாதாந்த டேட்டா பொதியில் நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்தும் டேட்டா தனியாக இருந்தது. வேண்டிய இரவில் அந்தக் குறியை எடுத்துவிட்டு உறங்கப் போகலாம்.

மூன்றாவதாக ரவுட்டரைச் சன்னலுக்கு மாற்றினோம். தாயாருக்கு இதில் உடன்பாடு இல்லை. சாரல் அடிக்கும், பிள்ளைகள் கை வைக்கும், இடி விழும் என்றார். சாரல் பற்றிய பயம் நியாயமானது என்பதால் கட்டையின் உட்புறத்தில், கண்ணாடியிலிருந்து சற்று விலக்கி வைத்தோம். இடி நேரத்தில் செருகியைக் கழற்றிவிடுவது அவர்களிடம் ஏற்கனவே இருந்த நல்ல பழக்கம்.

அன்டெனா வாங்குவதைத் தள்ளிப்போடச் சொன்னேன். அது ரவுட்டருக்கும் கோபுரத்துக்கும் இடையிலான பகுதியை மட்டுமே திருத்தும். முதல் குறை அந்தப் பகுதியில் இருக்கவே இல்லை. இரண்டாவதற்கு நிரலை அடக்கினால் போதும். அதை வாங்கிப் பூட்டியிருந்தால், அடுத்த மின்தடைக்குப் பின் கூரையில் அன்டெனாவும் மடிக்கணினியில் வெறும் பட்டியலுமாக நின்றிருப்பார்கள்.

பின்னர் நடந்தது

அன்று மாலையே நிரலை நிறுத்தி, சன்னல் இடத்திலிருந்து அளந்தபோது பதிவேற்றம் 1.8 மெகாபிட் வரை வந்தது. தொடர்ந்த வாரங்களில் இடிமழையும் மின்தடையும் குறையவில்லை, ஆனால் மின்சாரம் வந்ததும் மடிக்கணினி தானாக இணைந்தது. ஆசிரியை வார இறுதி வகுப்புகளில் கமராவைத் திறந்து வைத்துப் பங்குபற்ற முடிந்தது. தேங்கியிருந்த ஒப்படைகள் ஏறின.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வேகம் சரிவது தொடர்ந்தது. அந்நேரத்தில் சிக்னல் அளவு மாறாமல் -102லேயே நின்று வேகம் மட்டும் விழுந்ததால், கோபுரத்தின் கொள்ளளவைப் பலரும் பகிரும் நெரிசல் என்றே கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்குள் செய்யக்கூடியது அதற்கு எதுவும் இல்லை. ஒருமுறை நீண்ட மின்தடையின்போது கைப்பேசிகளிலும் சேவை அற்றுப்போயிற்று. கோபுரத்தின் மின்கலம் தீர்ந்திருக்க வேண்டும். அது உண்மையான ‘சிக்னல் இல்லை’. இரண்டையும் இப்போது அவர்களால் வேறு பிரிக்க முடிந்தது, சேவை வழங்குநரிடம் முறையிடும்போதும் “நெட் இல்லை” என்று சொல்லாமல் நேரத்தையும் அளவையும் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழித்து, ரவுட்டரின் கடவுச்சொல் மறந்துபோனதால் தம்பி அதன் பின்புறத் துளையில் ஊசியை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விட்டான். சனல் மீண்டும் ‘ஆட்டோ’ ஆனது. அடுத்த மின்தடையில் மடிக்கணினியிலிருந்து பெயர் மறைந்தது. இந்த முறை யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. ஆசிரியை கைப்பேசிச் செயலியில் சனலைப் பார்த்து, 12 என்று கண்டு, தானே 11க்கு மாற்றிவிட்டு எனக்குத் திரைப்பிடிப்பு மட்டும் அனுப்பினார்.

மாற்ற வேண்டியவை

இத்தகைய முறைப்பாட்டோடு வருபவரிடம் முதல் கேள்வி கணினியைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ‘அதே நேரம், அதே வைஃபையில், மொபைல் டேட்டாவை அணைத்த கைப்பேசி வேலை செய்ததா?’ என்பதே முதலில் கேட்கப்பட வேண்டும். இந்த நிகழ்வில் கடையிலோ உதவி இலக்கத்திலோ அதைக் கேட்டிருந்தால், கோபுரமும் மழையும் அந்தக் கணத்திலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும்.

ரவுட்டரை முதன்முதலில் பொருத்தும்போதே சனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிலைநிறுத்துவதை நான் இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். தோட்டங்களில் பாவித்த இறக்குமதிக் கணினிகள் பரவலாக வாங்கப்படுவதால், 12, 13 சனல்களில் கிடைக்கும் சிறு அமைதியை விட எல்லாச் சாதனங்களுக்கும் கேட்பதே மேல். அமைப்பை மாற்றியவர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரவுட்டரின் அடிப்புறத்தில் ஒட்டிவிடுவது நல்லது. அது அங்கு இருந்திருந்தால் தம்பியின் ஊசி வேலைக்குப் பிறகு தேட வேண்டியிருந்திராது. பாவித்த மடிக்கணினி வாங்குபவர்கள், கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில் இணைகிறதா என்று மட்டும் பார்க்காமல், 13ஆம் சனலில் வைத்த ஒரு ரவுட்டர் பட்டியலில் தெரிகிறதா என்று விற்பவரிடமே சோதித்துக் காட்டச் சொல்லலாம். தெரியாவிட்டால் வாங்கக் கூடாது என்பதல்ல, தெரிந்துகொண்டு வாங்கலாம்.

விண்டோஸை அழித்து நிறுவுவது, வேறு எந்த வலையமைப்பிலும் கணினி இயங்கவில்லை என்று உறுதியான பின்னரே வர வேண்டிய கடைசி நடவடிக்கை. கடையின் வைஃபையில் உடனே இணைந்த கணினிக்கு அது தேவையற்றது. அப்படியே செய்ய நேர்ந்தாலும், எந்தெந்தக் கோப்புறைகள் எடுத்து வைக்கப்பட்டன என்று உரிமையாளரோடு அமர்ந்து திறந்து பார்த்த பின்பே தொடங்க வேண்டும். நிறுவி முடித்ததும் எந்த நிரல் எதை எப்போது மேலேற்றுகிறது என்பதையும் அவருக்குக் காட்டிய பிறகே கணினியைக் கையளிக்க வேண்டும்.